சுமைகூலி

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்று ஒரு பழமொழி. வாங்குகிற பொருளைவிட, அதைக் கொண்டுவந்து சேர்க்கிற செலவு அதிகமாகிவிட்டால் சலிப்போடு சொல்வோம். சினிமா டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் இணையக் கட்டணத்தைப் பார்த்துச் சொல்வோம். நூறு ரூபாய் சாமான் வாங்கப் போய், ஆட்டோவுக்கு நூற்றைம்பது கொடுத்துவிட்டு வந்து சொல்வோம். நானும் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பழமொழியில் ஏதோ குறைகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

2023 மே மாதம் தோன்றியது. இடம், மலாக்கா ஜலசந்தியில் போய்க்கொண்டிருந்த ஒரு உல்லாசக் கப்பல். நேரம், இரவு பதினொன்றரை. கையில் ஒரு பில்லோடு கவுன்ட்டர் முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பதினைந்து பேர். பின்னால் என் மச்சான். பக்கத்தில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன்.

எப்படி அங்கே போய் நின்றேன் என்பதைச் சொல்கிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கோடை விடுமுறைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து சிங்கப்பூர் போவது என்று முடிவானதும், கப்பல் யோசனையைக் கொண்டுவந்தவர் அவர்தான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மறுபடி சிங்கப்பூர். நான்கு ராத்திரி. தி.நகர் டிராவல் ஏஜென்ட் அழகாகச் சொன்னார்: "ரூம், சாப்பாடு, ஷோ, ஸ்விம்மிங் பூல்... எல்லாம் சேர்த்து சார். சிங்கப்பூர் ஹோட்டல் வாடகையைப் பார்த்தா இது சீப்!"

நான் பி.காம். முதல் வகுப்பு. இருபது வருஷமாகப் பத்திரிகையில் பட்ஜெட், பங்குச்சந்தை, வட்டி விகிதம் என்று எழுதிப் பிழைக்கிறவன். 'எல்லாம் சேர்த்து' என்று ஒருவர் சொன்னால், 'எதெல்லாம் சேராமல்?' என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கேட்கவில்லை. விலை குறைவாக இருக்கும்போது யாருக்குத்தான் கேள்வி கேட்கத் தோன்றுகிறது?

எதெல்லாம் சேரவில்லை? இனிமேல் போகப்போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்பதால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரத்தில் போடுகிற விலை, ஓர் அறையில் இரண்டு பேர் தங்கினால் ஓர் ஆளுக்கு ஆகிற விலை. தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் கிட்டத்தட்ட இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். துறைமுகக் கட்டணமும் வரிகளும் பெரும்பாலும் தனி. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், கட்டாயக் கட்டணங்களை ஒளித்துவைத்து விலை சொல்லக்கூடாது என்று ஒரு சட்டம் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் பிறகுதான் பெரிய கப்பல் நிறுவனங்கள் அங்கே துறைமுகக் கட்டணத்தையும் சேர்த்து விலை காட்டத் தொடங்கின. சட்டம் போட்டால்தான் முழு விலையைச் சொல்வார்கள் என்றால், அதுவரை சொன்னதற்கு என்ன பெயர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறினால் பஃபே சாப்பாடு இலவசம். தண்ணீர், டீ, சாதாரண காபி இலவசம். ஆனால் குளிர்பானம், நுரை ததும்பும் காபி, அப்போதே பிழிந்த ஜூஸ், மதுவகை எல்லாம் காசு. அதன் மேல் 18 சதவிகிதம், சில கப்பல்களில் 20 சதவிகிதம் சேவைக் கட்டணம். 'அளவில்லாமல் குடிக்கலாம்' என்று ஒரு மது பாக்கேஜ் உண்டு. அறையில் ஒருவர் அதை வாங்கினால், அதே அறையில் இருக்கும் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது பல நிறுவனங்களின் விதி. மனைவி மோர் குடிக்கிறவராக இருந்தாலும்!

வைஃபைக்கு ஒரு போனுக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டணம். 'வைஃபை வேண்டாம், என் போனே போதும்' என்று இருந்தால் அது இன்னும் ஆபத்து. கரையை விட்டதும் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். அந்த பில் ஊருக்கு வந்த பிறகு வரும். ஏறியதுமே போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவது உத்தமம்.

துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றுவது தனிச் செலவு. கப்பல்காரர்களின் டூரில் போனால் விலை அதிகம். ஆனால் பஸ் தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமே வண்டி பிடித்துப் போனால் விலை குறைவு. தாமதமானால் கப்பல் போய்விடும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ டோமே தீவில், தனியாக டூர் போன எட்டுப் பயணிகள் திரும்பி வருவதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது. பல நாடுகளைச் சுற்றித் துரத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். கப்பல் டாக்டரைப் பார்க்கவும் காசு; அதனால் பயணக் காப்பீடு அவசியம். புகைப்படம், மசாஜ், சூதாட்டக் கூடம், குழந்தைகளின் வீடியோ கேம் எல்லாமே தனி.

இதெல்லாம் ஏதோ சில்லறை வருமானம் என்று நினைக்காதீர்கள். பழக்கதோஷத்தில் ஊர் திரும்பியதும் கப்பல் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினேன். உலகிலேயே பெரிய நிறுவனமான கார்னிவல் (நான் போன கப்பல் இவர்களுடையது அல்ல) 2023இல் ஈட்டிய வருவாய் சுமார் 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது சுமார் 1,410 கோடி. மீதி 750 கோடி டாலர் 'கப்பலுக்குள் வருமானமும் பிறவும்' என்ற தலைப்பில் வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே! டிக்கெட் என்பது வாசல். வியாபாரம் உள்ளேதான்.

உள்ளே பர்ஸ் தேவையில்லை. ஏறும்போதே ஓர் அட்டை தந்துவிடுவார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் அடையாளச் சீட்டு, அதுதான் பணம். நம் கிரெடிட் கார்டோடு அதை இணைத்துவிடுவார்கள். தட்டினால் ஜூஸ். தட்டினால் போட்டோ. பர்ஸிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுக்கும்போது கைக்குள் ஒரு சின்ன வலி வருமே, அந்த வலி கிடையாது. என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்றாம் நாள் அவள் அட்டையைத் தட்டுகிற லாகவத்தைப் பார்த்தால், பிறந்ததிலிருந்தே கப்பலில் வாழ்கிறவள் மாதிரி இருந்தது.

கடைசி இரவு பில் வந்தது. அப்படியே தருகிறேன்.

புக்கெட் டூர், நான்கு பேருக்கு 240 டாலர். இரண்டு போனுக்கு வைஃபை 140. ஜூஸ், காபி, ஐஸ்க்ரீம் 89. வீடியோ கேம் 75. மூன்று போட்டோ 60. கடைசி வரி, கிராஜுவிட்டி 256. மொத்தம் 860 டாலர். அன்றைய மதிப்பில் எழுபதாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் கைச்செலவுக்கு என்று மனதில் வைத்திருந்தது 400 டாலர்.

கிராஜுவிட்டி என்றால் நம்மூரில் ரிட்டயர் ஆகும்போது கம்பெனி தருவது. கப்பலில் அது டிப்ஸ். ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே பில்லில் ஏறிவிடும். அந்தக் கப்பலில் அப்போது 16 டாலர். நான்கு பேர், நான்கு நாள். பதினாறு நான்கு அறுபத்து நான்கு, அறுபத்து நான்கு நான்கு இருநூற்று ஐம்பத்தாறு. இப்போது பெரிய அமெரிக்க நிறுவனங்களில் இது சுமார் 16 முதல் 20 டாலர் வரை போகிறது. அறையைச் சுத்தம் செய்பவர், உணவு பரிமாறுபவர், கண்ணில் படாமல் துணி துவைப்பவர் என்று பலருக்கும் இது பிரிகிறது என்று நிறுவனங்களே சொல்கின்றன.

"மாப்பிள்ளை, இதை எடுத்துடலாம் தெரியுமா?" என்றார் மச்சான்.

"எதை?"

"இந்த டிப்ஸை. கவுன்ட்டர்ல போய்ச் சொன்னா எடுத்துடுவாங்களாம். பக்கத்து ரூம்காரர் எடுத்துட்டார். நம்ம ஊர்லயே ஹோட்டல்ல சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லேன்னு சொல்லிட்டாங்களே!"

அவர் சொன்னது தப்பில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அப்படித்தான் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகத் திணிக்கக்கூடாது. கப்பலில் நம்மூர்ச் சட்டம் செல்லாது என்பது வேறு விஷயம். அங்கே கப்பலின் விதியே எடுக்கலாம் என்றுதான் இருந்தது.

பில்லை இன்னொரு முறை பார்த்தேன். புக்கெட் பார்த்தாகிவிட்டது. வைஃபை தீர்ந்துவிட்டது. ஜூஸ் வயிற்றில். கேம் ஆடியாகிவிட்டது. போட்டோ பெட்டிக்குள். பில்லில் ஆறு வரி. அழிக்க முடிந்தது ஒரே ஒரு வரி. அப்படித்தான் வரிசையில் போய் நின்றேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சேவையில் ஏதாவது குறை இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஒரு படிவத்தில் கையெழுத்து. இரண்டு நிமிஷத்தில் 256 டாலர் மறைந்துவிட்டது. நிஜமாகவே ஒரு சந்தோஷம் வந்தது. இருபத்தோராயிரம் ரூபாய் மிச்சம், சும்மாவா?

எங்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்காரர். முப்பது வயது இருக்கும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அறையைச் சுத்தம் செய்வார். துண்டை மடித்து யானை, குரங்கு என்று கட்டிலில் உட்காரவைத்திருப்பார். என் பெண் அவருக்கு 'காலை வணக்கம்' சொல்லிக் கொடுத்திருந்தாள். அவர் சாயந்திரமும் அதையே சொல்லுவார். ஊரை விட்டு வந்து ஏழு மாதம் என்றும், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றும் விரல்விட்டுக் காட்டினார்.

மறுநாள் காலை இறங்குகிற வரிசையில் நின்றிருந்தோம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் ஓடி வந்தார். கையில் என் மனைவியின் மாத்திரைப் பை. கட்டிலுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் அதில்தான். மூச்சு வாங்கக் கொடுத்துவிட்டு, என் பெண்ணைப் பார்த்து "காலை வணக்கம்" என்றார். இந்த முறை சரியான நேரத்துக்குச் சொன்னார்.

என் சட்டைப் பையில் பத்து டாலர் இருந்தது. கொடுத்தேன். நெஞ்சில் கைவைத்து வாங்கிக்கொண்டார். ராத்திரி நான் செய்துவிட்டு வந்தது அவருக்குத் தெரிந்திருக்குமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தாலும் ஓடிவந்திருப்பார் என்றும் தோன்றுகிறது. இதில் எது எனக்கு அதிகமாக உறுத்துகிறது என்று இன்னமும் தெரியவில்லை.

விமானத்தில் மகன் கேட்டான்: "அப்பா, நாம ஐஸ்க்ரீம் சாப்பிட்டதுக்கு அவர் ஏன்ப்பா காசு குடுக்கணும்?"

"அவர் எங்கேடா குடுத்தார்?"

"அவரோட காசுலதானே கழிச்சீங்க?"

பி.காம் முதல் வகுப்பு. பதில் இல்லை.

மச்சானின் வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. அதில் நியாயம் உண்டு. "அவங்க ஆளுக்கு அவங்கதானே சம்பளம் குடுக்கணும்? நாம எதுக்குக் குடுக்கணும்? நாம குடுக்கக் குடுக்கத்தான் கம்பெனிக்காரன் சம்பளத்தைக் குறைப்பான்" என்பார். உண்மைதான். அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் அறைப் பணியாளர், பரிமாறுபவர் போன்றோரின் வருமானத்தில் இந்தப் பணம் முக்கியமான பகுதி. இது நல்ல ஏற்பாடு இல்லை. கூலியின் ஒரு பகுதியை டிக்கெட் விலையிலிருந்து கழற்றி, 'டிப்ஸ்' என்று பெயர் சூட்டி, நம் இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள். டிக்கெட் மலிவாகத் தெரிகிறது. கப்பல் பறக்கவிடும் கொடி பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா மாதிரி ஒரு நாட்டுடையது. உலகக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006இல் எழுதப்பட்டு 2013இல் அமலுக்கு வந்தது. அதில் அதிகபட்ச வேலைநேரமாகச் சொல்லியிருப்பதே வாரத்துக்கு 72 மணி நேரம். நம் நாட்டின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 48 என்று இருந்தது.

ஆகவே நிறுவனம் செய்வது சரியில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நிறுவனத்தைக் கண்டித்தா? கண்டிப்பதாக இருந்தால் டிக்கெட்டே வாங்காமல் இருந்திருக்கலாம். ஊர் திரும்பி நுகர்வோர் மன்றத்துக்கு எழுதியிருக்கலாம். நான் செய்தது அது இல்லை. டிக்கெட் பணத்தில் ஒரு பைசா குறையவில்லை. ஜூஸ் பணத்தில் குறையவில்லை. மேலே இருப்பவர் மேல் எனக்கு வந்த கோபத்தைக் கீழே இருப்பவரின் கணக்கில் கழித்துக்கொண்டேன். கொள்கை என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது. நடந்தது, என் கைச்செலவு எல்லை தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

'எனக்குத் தெரியாது, ஒளித்துவைத்துவிட்டார்கள்' என்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து ஏஜென்ட் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது, நாளொன்றுக்கு 16 டாலர் என்று. அன்றைக்கே படித்தும் இருந்தேன். 'பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தேன்.

இந்தப் 'பார்த்துக்கலாம்' இருக்கிறதே, தமிழில் இதைவிட இனிமையான, இதைவிட ஆபத்தான சொல் கிடையாது. பணம் கட்ட வேண்டிய நாளைத் தள்ளிவைக்கும்போது, செலவு மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் தலையில் போய் உட்காருகிறது. யார் தலையில்? யார் எதிர்த்துப் பேச முடியாதோ அவர் தலையில். கிரெடிட் கார்டு கம்பெனியிடம் என் 'பார்த்துக்கலாம்' செல்லாது. விமான நிறுவனத்திடம் செல்லாது. பாலித் தீவுக்காரரிடம்தான் செல்லும்.

கப்பலை விடுங்கள். நம் வீட்டுக் கல்யாணங்களைப் பாருங்கள். மண்டபத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே அட்வான்ஸ். நகைக்கடையில் பேரம் கிடையாது. புடவைக்கு, மேடை அலங்காரத்துக்கு, வீடியோவுக்கு எல்லாம் கேட்டதைவிட ஒரு படி மேலே. மூன்றாம் நாள் காலை மண்டபத்தைக் காலி செய்யும்போது பெண் வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது. அப்போதுதான் வந்து நிற்பார்கள், பாத்திரம் கழுவிய பெண்கள், இலை எடுத்தவர், மேளக்காரர். "என்னம்மா, இவ்வளவு கேக்கறே?" என்று ஆரம்பிப்போம். வீடு கட்டுகிறவர்களைப் பாருங்கள். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் ரொக்கம். கடைசித் தவணைக்கு நடையாய் நடப்பவர் பெயின்ட்டர். நாமெல்லாம் கெட்டவர்களா? இல்லை. நம் செலவு வரிசையில் அவர்களைக் கடைசியில் எழுதியிருக்கிறோம். பணம் தீர்ந்துபோவது எப்போதும் கடைசி வரியில்தான்.

கல்லூரியில் இறுதிக் கணக்குகள் நடத்திய பேராசிரியர் ஒரு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. கணக்கின் கீழே சரிக்கட்டுதல்கள் என்று ஏழெட்டு வரி இருக்கும். அதில் தவறாமல் வருவது, 'கொடுபட வேண்டிய கூலி'. வேலை வாங்கியாகிவிட்டது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. அதை வியாபாரக் கணக்கில் கூலியோடு கூட்ட வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் காட்ட வேண்டும். யாராவது விட்டுவிட்டால், "லாபம் அதிகமா காட்டறியே, அது உன் லாபமா, அவன் கூலியா?" என்பார். பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். மலாக்கா ஜலசந்தியில் எனக்கு வந்த இருபத்தோராயிரம் ரூபாய் சந்தோஷமும் அந்த வகை லாபம்தான்.

என் அப்பா பி.காம் படிக்கவில்லை. கிளார்க். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் ஒரு நீள நோட்டில் செலவு எழுதுவார். முதல் வரி அரிசி இல்லை, வாடகை இல்லை. 'பாத்திரம் தேய்க்கும் அம்மா — 60.' அடுத்து பால்காரர், பேப்பர் போடும் பையன். எண்ணி, தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒரு மாதம் எனக்கு ஷூ வாங்கப் பணம் போதவில்லை. அந்த மடித்த காகிதத்தைக் காட்டி, "இதுல இருந்து எடுங்களேன்ப்பா, அப்புறம் குடுத்துக்கலாம்" என்றேன். "நம்ம பையில இருக்கறதாலயே அது நம்ம காசு ஆயிடாதுடா" என்றார். அந்த மாதம் ஷூ வரவில்லை. அப்போது எனக்கு அவர் மேல் கோபம். இப்போதுதான் புரிகிறது, அவர் எழுதியது வெறும் செலவுக் கணக்கு இல்லை. யாருடைய ஆசை யாருடைய பசிக்கு முன்னால் நிற்கலாம் என்பதற்கான வரிசை.

பட்ஜெட் என்றால் நம்மில் பலர் கஞ்சத்தனம் என்று நினைக்கிறோம். ஜாலியாகப் போகிற இடத்தில் நோட்டும் பேனாவுமா என்று கேட்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. கையில் பணம் இருக்கிற நாளில், நிதானமாக இருக்கிற நாளில், நாம் எப்படிப்பட்ட மனிதராக நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் பட்ஜெட். கடைசி இரவு பதினொன்றரை மணிக்குப் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கிற முடிவில் நல்ல குணத்தை எதிர்பார்க்கக் கூடாது.

ஆகவே கப்பலில் போகிறவர்களுக்கு என் யோசனை சுலபம். போங்கள், சந்தோஷமாகப் போங்கள். டிக்கெட் விலைக்குக் கீழே முதல் வரியாகக் கிராஜுவிட்டியை எழுதுங்கள். ஆட்கள் எத்தனை, நாள் எத்தனை, பெருக்கினால் ஆயிற்று. பெரும்பாலான நிறுவனங்களில் இதை முன்பே கட்டிவிடலாம், கட்டிவிடுங்கள். இரண்டாவது, துறைமுகக் கட்டணம், விசா, காப்பீடு. விசா வாங்கும்போது, கப்பல் திரும்பி வருகிற நாட்டுக்குள் மறுபடி நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஏறுவதற்கு முந்தைய இரவு தங்க ஹோட்டல். நான்காவது, கரையில் சுற்றும் செலவு. கடைசியில் ஜூஸ், போட்டோ, வீடியோ கேம். குழந்தைகளின் அட்டையில் செலவு ஏறாமல் நிறுத்திவைக்கச் சொல்லலாம். பில்லைத் தினமும் ஒரு முறை பாருங்கள். இந்தக் கூட்டுத்தொகை உங்களுக்குக் கட்டுபடியாகவில்லையா? அப்படியானால் அந்தக் கப்பல் உங்களுக்குக் கட்டுபடியாகவில்லை. இன்னொருவர் கூலியைக் கழித்தால்தான் கட்டுபடியாகிறது என்றால், அது மலிவு இல்லை.

இந்த வரிசையில் எழுதினால், எல்லை தாண்டும்போது அடிபடுவது நம் ஐஸ்க்ரீம். முந்தைய வரிசையில் அடிபட்டது ஒரு மனிதர். வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். அந்த 256 டாலரை இப்போது கட்டுகிறேன் என்று. பயணக் கணக்கு முடிந்துவிட்டது, இனிமேல் சேர்க்க வழியில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

இன்னொரு கேள்வியும் என்னை விடவில்லை. அவர் நாகர்கோவில்காரராக இருந்து, 'அண்ணே, எங்க வீட்ல குட்டிப் பாப்பா இருக்கா' என்று தமிழில் சொல்லியிருந்தால், அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேனா? மாட்டேன். நிச்சயமாக மாட்டேன். அப்படியானால் என் நேர்மை பாஷை தெரிந்தவர்களுக்கு மட்டும்தானா? மொழி புரியாதவருக்கும் கூலி கூலிதான் என்பதை ஒரு நோட்டின் முதல் வரிதான் எனக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

போன வருஷம் ஆலப்புழை போனோம். ஒரு ராத்திரி படகு வீடு. ஓட்டுபவர், சமைப்பவர், கூடமாட ஒருவர், மூன்று பேர். கிளம்புவதற்கு முந்தின நாள் மகன் ஒரு காகிதத்தில் கணக்கு எழுதினான். முதல் வரி, 'படகு அண்ணன்மார் மூன்று பேர்.' ஊருக்குத் திரும்பும்போது எல்லோருக்கும் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கப் பணம் போதவில்லை. மச்சான் வீட்டுக்கு மட்டும் வாங்கினோம்.

இப்போது அந்தப் பழமொழிக்கு வருகிறேன். சுமைகூலி முக்கால் பணம் என்று அலுத்துக்கொண்டது யார்? சுண்டைக்காய் வாங்கியவர். சுமந்துகொண்டு வந்தவர் எவ்வளவு தூரம் நடந்தார், அந்த முக்கால் பணம் அவருக்குப் போதுமானதாக இருந்ததா? பழமொழியில் அது இல்லை. கடைசியில் கூலியைக் கொடுத்தார்களா என்றும் இல்லை.

என் கணக்கில் அது இன்னமும் பொறுப்புகள் பக்கத்தில்தான் இருக்கிறது. கொடுபட வேண்டிய கூலி: 246 டாலர். கொடுத்த பத்தைக் கழித்துவிட்டேன். அதிலும் பி.காம் புத்தி போகவில்லை, பாருங்கள்!